கிழிந்த பக்கத்தை ஒட்டக் கற்ற பிறகு: ஒரு கோடை வாசிப்புப் பெட்டியின் எட்டு வாரப் பதிவு

சென்ற ஆண்டு கோடை விடுமுறை தொடங்கிய அன்று, எங்கள் குழுவினர் வருமானம் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த முப்பது குழந்தைகளுக்குத் தலா ஆறு கதைப் புத்தகங்களை இரவலாகக் கொடுத்தோம். பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் அவற்றைத் திரும்பப் பெற்றபோது, ஏறக்குறைய எல்லாப் புத்தகங்களும் கொடுத்தபோது இருந்த அதே புதுக்கருக்குடன் வந்து சேர்ந்தன. முதலில் அதைக் கண்டு மகிழ்ந்தேன். வீட்டுக்கு எடுத்து வந்து அடுக்கும்போதுதான், சில புத்தகங்களின் நடுப்பக்கங்கள் அச்சகத்திலிருந்து வந்தபடியே ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதைக் கவனித்தேன். அவற்றை ஒருவரும் திறக்கவே இல்லை.

காரணத்தை ஒரு தாய் சொன்னார். "கிழிஞ்சா எங்களால கட்டிக் கொடுக்க முடியாதுங்க. அதான் சின்னவ கைக்கு எட்டாம மேல எடுத்து வச்சிட்டேன்." அவருடைய மூத்த மகன் அதற்கு முன் ஒரு பள்ளியில் நூலகப் புத்தகம் ஒன்றை மழையில் நனைத்துவிட்டு அபராதம் கட்டியிருக்கிறான். அதன்பின் அந்த வீட்டில் இரவல் புத்தகம் என்பது பத்திரமாகத் திருப்பித் தர வேண்டிய பொருளாக மட்டுமே இருந்துவந்திருக்கிறது. அவர் பேசி முடித்தபோது எங்கள் திட்டத்தின் குறை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. புத்தகத்தை வீடு வரைக்கும் கொண்டு சேர்த்த நாங்கள், அதைப் பற்றிய அச்சத்தைப் போக்க எதுவுமே செய்யவில்லை. இந்த ஆண்டு செய்த வேலை முழுவதும் அந்த ஓர் உரையாடலிலிருந்து பிறந்தது. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், பசை காய்ச்சும் அளவு வரை எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கோடை விடுமுறை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1982-இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த கார்ல் அலெக்சாண்டர், டோரிஸ் என்ட்விசில் முதலான சமூகவியலாளர்கள், பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைக் குழந்தைகளும் வசதியான குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே அளவில் முன்னேறுவதையும், விடுமுறையில்தான் இடைவெளி விரிவதையும் பதிவு செய்தார்கள். அதை அவர்கள் தண்ணீர்க் குழாய் உவமையால் விளக்கினார்கள்: பள்ளி திறந்திருக்கும்போது குழாய் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, அது மூடப்படும்போது வீட்டில் வேறு ஊற்று உள்ளவர்களுக்கு மட்டும் தண்ணீர் கிடைக்கிறது. அந்த இடைவெளியின் அளவைக் கணக்கிட்ட தேர்வு அளவுகோல்களே சரியானவையா என்று பால் வான் ஹிப்பல் போன்ற ஆய்வாளர்கள் பின்னாளில் எழுப்பிய கேள்வி நியாயமானது. ஆகவே பெரிய எண்களைக் காட்டி யாரையும் அச்சுறுத்த நான் விரும்பவில்லை. ஆனால் வீட்டில் ஒரு புத்தகமும் இல்லாத குழந்தை இரண்டு மாதங்கள் ஒரு வரியும் வாசிக்காமல் இருந்துவிட்டு வகுப்புக்குத் திரும்பும்போது, முன்பு சரளமாக வாசித்த இடத்தில் மீண்டும் எழுத்துக் கூட்டத் தொடங்குவதை நான் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன்.

விடுமுறைக்கு ஐந்து வாரங்கள் இருக்கும்போது பழைய புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினோம். வந்து சேர்ந்தவை முந்நூற்றுக்கும் மேல். அவற்றில் பூஞ்சை பிடித்தவற்றை உடனே தனிப்பையில் கட்டி அப்புறப்படுத்தினோம். பூஞ்சை ஒரு புத்தகத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும் என்பதோடு, இழுப்பு உள்ள குழந்தைகளுக்கு அது கேடு விளைவிக்கும் என்பதால் இதில் இரக்கம் காட்டக் கூடாது. பாடநூல்களையும் தேர்வு வழிகாட்டிகளையும் ஒதுக்கினோம். மிஞ்சிய நூற்றெழுபதில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு பழுதுடன் இருந்தன. பழுதானவற்றை நாங்களே சரிசெய்து, புதிது போலாக்கிக் கொடுப்பதுதான் தொடக்கத்தில் எங்கள் எண்ணம். நாற்பது ஆண்டுகள் பைண்டிங் வேலை செய்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர், குழந்தைகள் எல்லோருக்கும் தாத்தா, அந்த எண்ணத்தை மாற்றினார். "நீங்க ஒட்டிக் கொடுத்தா அது உங்க புஸ்தகம். அவங்க ஒட்டினா அவங்க புஸ்தகம்" என்றார். அன்று மாலையே மேசையைத் திண்ணைக்கு மாற்றிவிட்டு, குழந்தைகளை வரச் சொன்னோம்.

செய்முறையில் முதல் பாடம் செலோடேப்பைக் கைவிடுவது. ஒட்டிய அன்று அது நேர்த்தியாகத் தெரிந்தாலும், சில ஆண்டுகளில் மஞ்சளித்து, அதன் பசை காகிதத்துக்குள் இறங்கி எழுத்தின் மேல் கறையாகப் படிந்துவிடுகிறது; நாடா தானாக உதிர்ந்த பிறகும் கறை போவதில்லை. தாத்தா அப்படிப் பாழான ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து குழந்தைகளின் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அதன்பின் ஒருவரும் செலோடேப் கேட்கவில்லை.

கிழிந்த பக்கத்துக்கு மாவுப் பசையும் மெல்லிய திசுத்தாளும் போதும். ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்துக் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிளறி, வெண்மை மாறிக் கண்ணாடி போலத் தெளியும்போது இறக்கி ஆறவைத்து, துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். கோதுமை மாவைவிட ஸ்டார்ச் மாவு நல்லது. பசையத்தன்மையுள்ள புரதம் அதில் நீக்கப்பட்டிருப்பதால் பசை மிருதுவாக வரும். இந்தப் பசை இரண்டு நாட்களுக்கு மேல் தாங்காது, பூச்சிகளையும் அழைக்கும் என்பதால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுவதே வழி. அடுப்பருகே நிற்கும் வேலையைப் பெரியவர்களே செய்தோம்.

காகிதம் கிழியும்போது அதன் விளிம்பு செங்குத்தாக அறுபடுவதில்லை. ஒரு பக்கம் சரிந்து, இழைகள் துருத்திக்கொண்டு நிற்கும். எந்தச் சரிவு மேலே, எந்தச் சரிவு கீழே என்று பார்த்துப் பொருத்தினால் பாதிக் கிழிசல் கண்ணுக்கே தெரியாமல் சேர்ந்துவிடும். அதன்மேல் ஒட்டும் திசுத்தாளைக் கத்தரியால் வெட்டாமல், தண்ணீரில் நனைத்த தூரிகையால் ஒரு கோடு இழுத்து அந்தக் கோட்டில் கையால் பிரிக்க வேண்டும். அப்போது ஓரத்தில் இழைகள் மயிர்போல நீண்டு, ஒட்டிய இடத்தில் விளிம்பு தடிக்காது. பசை மெல்லியதாகப் பூசப்பட வேண்டும். ஈரம் மிகுந்தால் காகிதம் விரிந்து, உலரும்போது நெளிந்துபோகும். ஒட்டிய பக்கத்தின் இருபுறமும் மெழுகுத் தாள் வைத்து, புத்தகத்தை மூடி, மேலே கனமான பொருளை வைத்து இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். மறுநாள் மாலை தாங்கள் ஒட்டிய பக்கத்தைத் திறந்து பார்க்கவே குழந்தைகள் ஓடி வந்தார்கள். திறந்த பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதிலிருந்துதான் பல பேருடைய வாசிப்புத் தொடங்கியது. இதை நாங்கள் திட்டமிடவில்லை.

தனியே கழன்ற தாளுக்கு பி.வி.ஏ. என்னும் வெள்ளை நிறச் செயற்கைப் பசை ஏற்றது. உலர்ந்த பிறகும் வளையும் தன்மை உள்ளதால் பக்கம் புரளும்போது அது விரிசல் விடாது. தாளின் உள்விளிம்பில் மூன்று மில்லிமீட்டர் அகலம் மட்டும் தெரியுமாறு மீதியை ஒரு வீண் தாளால் மறைத்துக்கொண்டு பூசினால், பசை வழிந்து அடுத்த பக்கத்தோடு ஒட்டாது. முதுகுப் பகுதி தளர்ந்த கெட்டி அட்டைப் புத்தகத்துக்குத் தாத்தா காட்டிய உபாயம் எனக்குப் புதியது: ஸ்வெட்டர் பின்னும் நீண்ட ஊசியைப் பசையில் தோய்த்து, அட்டைக்கும் தாள்கட்டுக்கும் இடையே உள்ள இடுக்கில் செருகி, மெல்ல உருட்டி எடுத்துவிட்டால் பசை உள்ளே சீராகப் படிந்துவிடும்.

குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த வேலை தையல். சிறுவர் புத்தகங்களில் பெரும்பாலானவை நடுவில் கம்பிப் பின் அடித்தவை. அந்தப் பின் துருப்பிடித்ததும் காகிதத்தை அரித்துவிடும். துருப்பிடித்த பின்களை மழுங்கிய கத்தியால் நெம்பி எடுத்துவிட்டு, மடிப்புக் கோட்டில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என மூன்று துளைகள் இடுவோம். நூல் கோத்த ஊசியை உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே இழுத்து, மேல்துளை வழியே உள்ளே விட்டு, நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளை வழியே வெளியே எடுத்து, மறுபடியும் நடுத்துளை வழியே உள்ளே கொண்டுவர வேண்டும். நூலின் இரு முனைகளும் இப்போது உள்பக்கம் நீளமாகச் செல்லும் தையலுக்கு இருபுறமும் இருக்கும். அந்த நீளத் தையலை நடுவில் பிடித்து இறுக்குமாறு முடிச்சிட்டால் வேலை முடிந்தது. எட்டு வயதுக் குழந்தை இரண்டாவது புத்தகத்திலேயே யார் உதவியும் இல்லாமல் தைத்துவிடுகிறது.

புத்தகங்களை வைத்து இரவல் கொடுத்த பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய மரப்பெட்டிகள் இரண்டை இணைத்து, அடியில் உருளைகள் பொருத்தி, புத்தகங்களின் முகப்பு முன்னால் தெரியுமாறு சாய்வுப் பலகைகள் வைத்தோம். முதுகு மட்டும் தெரியும்படி அடுக்கினால், தலைப்பை வாசிக்கவே சிரமப்படும் குழந்தை எதையும் எடுக்காமல் போய்விடும். மாலை ஐந்து முதல் ஏழு வரை திறந்து வைத்தோம். பெற்றோர் வேலையிலிருந்து திரும்பும் வரை மூத்த பிள்ளைகள் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால், கைக்குழந்தையை இடுப்பில் சுமந்து வந்த சிறுமிகளும் உண்டு. அவர்களுக்காகத் தனியே ஒரு பாயும், சொற்கள் குறைந்த படப் புத்தகங்களும் ஒதுக்கினோம். அந்த ஏற்பாடு இல்லாதிருந்தால், வாசிக்க மிகவும் ஆசைப்பட்டவர்களையே நாங்கள் இழந்திருப்போம்.

எந்தப் புத்தகத்தை எடுப்பது என்பதை முழுக்கக் குழந்தைகளிடமே விட்டோம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வறுமை மிகுந்த 17 பள்ளிகளில் ரிச்சர்ட் அலிங்டனும் ஆன் மெக்கில்-ஃபிரான்ஸனும் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வு எங்களுக்குத் துணிவு தந்தது. அங்கே 852 குழந்தைகளுக்குத் தொடர்ந்து மூன்று கோடைகளில், ஆண்டுக்குப் பன்னிரண்டு புத்தகங்கள் வீதம், அவர்களே தேர்ந்தெடுத்தவை வழங்கப்பட்டன. புத்தகம் பெறாத குழந்தைகளைவிட அவர்களின் வாசிப்புத் திறன் மேம்பட்டிருந்தது. பெரியவர்கள் நல்லது என்று கருதும் நூல்களைத் திணிக்க வேண்டும் என்ற ஆவல் எனக்கும் உண்டு. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகளில் ஒன்று ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்கிறது. அந்த நூல் எது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை வாசகருக்கே விட்டுக்கொடுக்கத்தான் மனம் தயங்குகிறது. ஒரு சிறுவன் பாம்புகளைப் பற்றிய ஒரே புத்தகத்தை நான்கு முறை எடுத்துச் சென்றான். நான்காம் முறை அவன் வாசித்ததைக் கேட்டபோது, அதே பக்கங்களில் அவன் தடுமாற்றம் பெருமளவு குறைந்திருந்தது.

புத்தகத்தின் கடினத்தை அளக்க ஐந்து விரல் முறை என்று ஒன்று பரவலாகப் பழக்கத்தில் உள்ளது. ஒரு பக்கத்தை வாசித்து, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். ஐந்தும் மடங்கினால் புத்தகம் கடினம். இதை அப்படியே எடுத்துக்கொண்டு முதல் வாரம் தவறு செய்தோம். அந்தக் கணக்கு நூறு சொற்கள் கொண்ட பக்கத்துக்குப் பொருந்தும். தமிழில் வேற்றுமை உருபும் சாரியையும் துணைவினையும் ஒரே சொல்லில் சேர்ந்துவிடுவதால், சிறுவர் நூலின் ஒரு பக்கத்தில் நாற்பது ஐம்பது சொற்களுக்கு மேல் இருப்பதில்லை. அதில் ஐந்து சொல் தெரியாவிட்டால் கதையே கைநழுவிவிடும். இரண்டு விரல் மடங்கினாலே யோசிக்க வேண்டும் என்று மாற்றிக்கொண்ட பிறகு, பாதியில் திருப்பித் தரப்படும் புத்தகங்கள் குறைந்தன. கடினமானதையும் விரும்பி எடுப்பவர்களைத் தடுக்கவில்லை. அதை எங்களோடு சேர்ந்து வாசிக்கலாம் என்று மட்டும் சொன்னோம்.

சேர்ந்து வாசிப்பதற்குக் கல்வி ஆய்வாளர் கீத் டாப்பிங் பரப்பிய இணை வாசிப்பு முறையைப் பின்பற்றினோம். குழந்தையும் பெரியவரும் ஒன்றாக உரக்க வாசிக்கத் தொடங்குவார்கள். தனியே வாசிக்கலாம் என்ற துணிவு வரும்போது குழந்தை மேசையைத் தட்டும், பெரியவர் நிறுத்திவிடுவார். தடுமாறினால் நான்கைந்து விநாடிகள் காத்திருந்து, பிறகு அந்தச் சொல்லைத் தெளிவாகச் சொல்லிக் கொடுத்து, குழந்தை அதைத் திரும்பச் சொன்னதும் மீண்டும் சேர்ந்து வாசிக்க வேண்டும். இதில் கடினமான பகுதி அந்த நான்கு விநாடி. றகரத்தை ரகரமாக உச்சரித்ததும் திருத்திவிட நாக்குத் துடிக்கும். ஆனால் காத்திருந்தபோது, வரியின் முடிவுக்குப் போன குழந்தை பொருள் பொருந்தாததைத் தானே உணர்ந்து திரும்பி வந்து 'கரை'யைக் 'கறை' என்று திருத்திக்கொண்டதைப் பலமுறை கண்டேன். எழுத்தறியாத பெற்றோர் சிலர், தங்களால் என்ன செய்ய முடியும் என்று தயங்கிக் கேட்டார்கள். பிள்ளை வாசிப்பதைக் காதுகொடுத்துக் கேளுங்கள், முடிந்ததும் அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறாய் என ஒரு கேள்வி கேளுங்கள் என்றோம். புத்தகத்தை மட்டும் கொடுப்பதைவிட, கேட்பதும் உரையாடுவதும் சேரும்போதே பயன் தெரிகிறது என்பதை ஜேம்ஸ் கிம், தாமஸ் ஒயிட் ஆகியோரின் 2008-ஆம் ஆண்டு ஆய்வும் காட்டியிருக்கிறது.

மூன்றாம் வாரத்தில் நான் ஒரு பெரும் தவறு செய்தேன். ஊக்கமூட்டுவதாக நினைத்து, யார் எத்தனை புத்தகம் வாசித்தார்கள் என்பதை நட்சத்திரம் ஒட்டிக் காட்டும் அட்டவணை ஒன்றைச் சுவரில் மாட்டினேன். நான்கு நாட்களில் பெட்டியிலிருந்த மெல்லிய புத்தகங்கள் எல்லாம் காலியாயின. தடித்த கதைகள் தீண்டுவாரின்றிக் கிடந்தன. ஒரே ஒரு நட்சத்திரம் பெற்றிருந்த இரண்டு சிறுமிகள் வருவதையே நிறுத்திவிட்டார்கள். மார்க் லெப்பரும் சக ஆய்வாளர்களும் 1973-இல் மழலையர் பள்ளியில் நடத்திய சோதனையில், ஓவியம் வரைய விரும்பிய குழந்தைகளுக்குப் பரிசு தருவதாக முன்கூட்டியே சொன்னபோது, பின்னர் அவர்கள் தாமாக வரையும் நேரம் குறைந்தது. அதை அறிந்திருந்தும் அட்டவணையை மாட்டியது என் பிழை. அதைக் கழற்றிவிட்டு, அந்தச் சிறுமிகளின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். ஒருத்தி மறுநாளே வந்தாள். மற்றவள் வருவதற்கு இரண்டு வாரங்கள் ஆயின.

ஐந்தாம் வாரத்தில் நடந்ததுதான் இந்தக் கோடையில் எனக்கு மிக முக்கியமானது. தவறாமல் வந்துகொண்டிருந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவனை ஆறு நாட்களாகக் காணவில்லை. ஏழாம் நாள் மாலை, சட்டைக்குள் எதையோ மறைத்தபடி பெட்டி மூடும் நேரத்தில் வந்தான். தங்கை ஒரு பக்கத்தைக் குறுக்கே கிழித்திருந்தாள். கிழிந்த துண்டையும் மடித்துப் பையில் வைத்திருந்தான். நான் வாய் திறப்பதற்கு முன்பே, மேசையில் இருந்த தாத்தா நாற்காலியை நகர்த்தி, "துண்டும் இருக்கா? அப்ப சுலபம்" என்றார். அவன் அமர்ந்து, சரிவு பார்த்துப் பொருத்தி, திசுத்தாளைப் பிரித்து ஒட்டி, பளு வைத்துவிட்டுப் போனான். மறுநாள் தங்கையையும் அழைத்து வந்து, தான் ஒட்டிய இடத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னான். அந்த வாரத்திலிருந்து குழந்தைகள் பழுதை மறைக்காமல் தாங்களே சொல்லத் தொடங்கினார்கள். வீடுகளில் உயரத்தில் வைக்கப்பட்டிருந்த புத்தகங்களும் கீழே இறங்கின. சென்ற ஆண்டு எனக்கு விளக்கம் சொன்ன அந்தத் தாயின் வீட்டில், சின்ன மகள் தரையில் படுத்துக்கொண்டு ஒரு புத்தகத்தின் பக்கங்களைத் தடதடவெனப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவர் அதைத் தடுக்கவில்லை.

எட்டு வாரங்களின் முடிவில் இரவல் ஏட்டைக் கணக்கிட்டேன். முப்பத்தொரு குழந்தைகள் நானூற்றுக்கும் சற்று அதிகமான முறை புத்தகம் எடுத்திருந்தார்கள். ஒன்பது புத்தகங்கள் திரும்பவில்லை; அவற்றைத் தேடிப் போகவில்லை. தேர்வு வைத்து அளக்கவில்லை என்பதால் திறன் இவ்வளவு உயர்ந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் பள்ளி திறக்கும் வாரம் வரை முப்பத்தொரு பேரில் இருபத்தாறு பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்பது ஏட்டில் இருக்கிறது. பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட சிறுவர்களை ஈர்க்க எங்களால் முடியவில்லை. அவர்களுக்கு ஏற்ற புத்தகங்கள் பெட்டியில் மிகக் குறைவு என்பதோடு, சிறியவர்கள் நடுவே எழுத்துக் கூட்டி வாசிக்க அவர்களுக்கு வெட்கமாகவும் இருந்தது. அடுத்த முறை அவர்களுக்கென்று வேறொரு நேரத்தையும், இயந்திரங்கள், விளையாட்டு, தொழில்கள் பற்றிய நூல்களையும் ஒதுக்க வேண்டும். பைண்டிங் வேலையில் தாத்தாவுக்கு உதவியாளர்களாக அவர்களையே அமர்த்தவும் எண்ணியிருக்கிறோம்.

கடைசி நாளன்று ஒவ்வொரு குழந்தையும் தான் பழுது பார்த்த புத்தகங்களில் ஒன்றைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தோம். புதிதாகத் தெரிந்தவற்றை யாரும் எடுக்கவில்லை. ஒட்டுப்போட்ட பக்கத்தைத் தேடித் திறந்து, அது தன்னுடையதுதானா என்று சரிபார்த்துக்கொண்டே ஒவ்வொருவராக எடுத்தார்கள். பெட்டியை இப்போது கைக்குழந்தையோடு வந்துகொண்டிருந்த சிறுமிகளில் ஒருத்தியின் வீட்டு வாசலில் வைத்திருக்கிறோம். சாவியும் ஏடும் அவளிடம் இருக்கின்றன. உருளைகளில் ஒன்று கழன்றுவிட்டதாக நேற்றுச் சொல்லியனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை போய்ச் சரிசெய்ய வேண்டும்.